மேடை ஏறினால் குரல் நடுங்குகிறது, கச்சேரியை விட்டுவிடவா?

கேள்வி: எனக்கு 26 வயது. திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். சிறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்று வருகிறேன். இந்த மார்கழியில் சென்னை சபா ஒன்றில் மதியம் ஒன்றரை மணி நேரம் பாட வாய்ப்பு வந்திருக்கிறது. போன நவராத்திரிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் பாடியபோது முதல் உருப்படியான வர்ணத்திலேயே குரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. தொண்டை காய்ந்து, மந்திர ஸ்தாயியில் (கீழ் ஸ்வரங்களில்) வெறும் காற்றுதான் வந்தது. மெயினாக எடுத்த தோடி ராகக் கீர்த்தனையில் அனுபல்லவி முடிந்ததும் அடுத்த பகுதியான சரணம் நினைவுக்கு வரவே இல்லை. வயலின்காரர் சமாளித்தார். முன் வரிசையில் அம்மா வாயசைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து சாதகத்துக்கு (பாட்டுப் பயிற்சிக்கு) உட்கார்ந்தாலே அந்த நினைப்புதான். குருவோ, "சாதகத்தைக் கூட்டு, பயம் தானாகப் போகும்" என்கிறார். வீட்டில் பாடும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மேடை ஏறுவதற்கு முன் போட்டுக்கொள்ளச் சொல்லி தோழி ஒருத்தி ப்ரொப்ரனலால் மாத்திரை கொடுத்திருக்கிறாள். போடலாமா? அல்லது கச்சேரியே வேண்டாமென்று சொல்லிவிடவா? எனக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போதும் பனிக்காலத்தில் இன்ஹேலர் தேவைப்படும்.

மனநல மருத்துவரின் பதில்:

முதலில் அந்த மாத்திரையைத் தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீசிங் பற்றிக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

ப்ரொப்ரனலால், அட்ரினலின் உடம்பில் வேலை செய்யும் இடங்களை அடைக்கிற மருந்து. 1960களில் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி இதய நோய்க்காக இதை உருவாக்கினார். 1988இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இதற்கும் பங்கு உண்டு. இதயப் படபடப்பும் கை நடுக்கமும் இதனால் குறையும் என்பது உண்மைதான். உலகம் முழுக்க வாத்தியக்காரர்களிடையே இது புழங்குவதற்குக் காரணமும் அதுதான். ஆனால் இந்த மருந்து இதயத்தோடு நிற்பதில்லை. மூச்சுக்குழாயையும் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடும் மூச்சுத்திணறல் வரலாம். அப்படி வரும்போது நீங்கள் நம்பியிருக்கும் இன்ஹேலர் மருந்தும் சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் அது போய்ச் சேர வேண்டிய இடத்தை இந்த மாத்திரை ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கும். மார்கழிப் பனியில், மேடைத் தூசியில், மைக்குக்கு முன்னால் இதைச் சோதித்துப் பார்க்கவே கூடாது.

வீசிங் இல்லாதவர்களுக்குக்கூட இதை மருத்துவர் பரிசோதித்துத்தான் தர வேண்டும். பாடகர்களுக்கு இந்த வகை மருந்தைக் கொடுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1985இல் வந்தது. குறைந்த அளவில் சிறிது பலன் தெரிந்தது, அளவைக் கூட்டியபோது பாட்டு பாதிக்கப்படலாம் என்று தெரிந்தது. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை பக்கமும் போகாதீர்கள். அவை ஞாபகத்தை மழுங்கடிக்கும். உங்களுக்கு ஏற்கெனவே சரணம் மறந்துபோன பயம் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கும் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கச்சேரியை விட்டுவிடாதீர்கள். இன்றைக்கு சபாவுக்கு போன் செய்து வேண்டாமென்று சொன்னால் இரவு நிம்மதியாகத் தூங்குவீர்கள். அந்த நிம்மதிதான் ஆபத்து. தப்பித்துக்கொண்டால் நல்லது நடக்கும் என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும், அடுத்த மேடை இதைவிடப் பெரிதாகப் பயமுறுத்தும். அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 1967இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பெருங்கூட்டத்தின் முன் பாடும்போது வரிகளை மறந்துவிட்டார். அதன் பிறகு நீண்ட காலம் பொதுமேடையைப் பெரும்பாலும் தவிர்த்துவந்தார். மறுபடியும் பெரிய அளவில் கச்சேரிப் பயணம் கிளம்ப 1990கள் வரை ஆயிற்று. அவருக்குக் குரலிலோ அனுபவத்திலோ என்ன குறை இருந்தது?

சரி, கோயிலில் அன்று உங்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பயம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, எச்சில் வற்றுகிறது. வயிறு வரை இறங்க வேண்டிய மூச்சு மார்பின் மேற்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. கழுத்துத் தசைகள் இறுகி, குரல்வளையை மேலே இழுக்கின்றன. வீணை வாசிப்பவருக்குப் பயத்தில் கை நடுங்கினாலும் வீணை நடுங்காது. பாடுபவருக்கோ வாத்தியமே உடம்புக்குள் இருக்கிறது. கீழ் ஸ்வரங்களுக்குக் குரல் நாண்கள் தளர்ந்து கொடுக்க வேண்டும். தசை இறுகினால் முதலில் கைவிட்டுப் போவது மந்திர ஸ்தாயிதான். "வெறும் காற்றுதான் வந்தது" என்று நீங்கள் எழுதியது இதைத்தான். கூடவே காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், ஓடியிருக்கும். பயத்தில் பாடுகிற பலருக்கும் ஓடும். அன்றைய ரெக்கார்டிங் இருந்தால் வர்ணத்தின் முதல் ஆவர்த்தனத்தையும் (ஒரு முழுத் தாளச் சுற்று) கடைசி ஆவர்த்தனத்தையும் தாளம் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் சாதகக் குறைவு எங்கே இருக்கிறது? உங்கள் குரு சொல்வதை நான் மதிக்கிறேன், சாதகம் இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் நிதானமாக அடிக்கும் இதயத்தோடு இரண்டு மணி நேரம் பாடுவதை நான்கு மணி நேரமாக்கினால், நிதானமான இதயத்தோடு பாடுவதில்தான் இன்னும் தேர்ச்சி வரும். படபடக்கிற இதயத்தோடு, காய்ந்த வாயோடு பாடுவதை நீங்கள் பழகவே இல்லை. பயம் போன பிறகு பாடலாம் என்று காத்திருக்கிறீர்கள். நான் சொல்வது, பயம் இருக்கும்போதே பாடப் பழகுங்கள் என்பதுதான். அதற்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது, தாராளமாகப் போதும்.

எளிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு, நெஞ்சு படபடக்கும்போதே நேராக வந்து உட்கார்ந்து வர்ணத்தை எடுங்கள். உங்களுக்கு வீசிங் இருப்பதால் மூச்சு இரைக்கும் அளவுக்குப் போக வேண்டாம், இழுப்பு இருக்கும் நாளில் தொடவே வேண்டாம், இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதல் சில நாள் பாட்டு கோணல்மாணலாகத்தான் வரும். வரட்டும். எந்த இடத்தில் மூச்சு எடுத்தால் தப்பிக்கலாம், எந்த ஸ்வரத்தில் நின்றால் சுருதி கைக்கு வருகிறது என்பதை உடம்பே கண்டுபிடிக்கும். படபடப்பு இருந்தாலும் பாட்டு நிற்பதில்லை என்பதை நான் எத்தனை சொன்னாலும் மனம் ஏற்காது. நீங்களே பாடிப் பார்த்தால்தான் ஏற்கும்.

அடுத்து, நவராத்திரி வருகிறது. உங்களுக்கு அது கசப்பான நினைவு என்று தெரிந்தேதான் சொல்கிறேன், அதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைக்காது. கொலுவுக்குப் போகிற வீட்டில் எல்லாம் "ஒரு பாட்டுப் பாடேன்" என்று கேட்பார்கள். சுருதிப் பெட்டி இருக்காது, தொண்டையைத் தயார் செய்ய நேரம் இருக்காது. எதிரே குழந்தை ஓடும், ஒருவர் சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார், பாதிப் பாட்டில் காலிங் பெல் அடிக்கும். "தொண்டை சரியில்லை மாமி" என்று நழுவாமல், ஒன்பது நாளும் போகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டுப் பாடுங்கள். முதல் நாள் தெரிந்த வீட்டில் ஒரு சின்ன ஹம்சத்வனி உருப்படி, கடைசி நாட்களில் அதிகம் பழக்கமில்லாத வீட்டில் ஒரு தோடி. ஆமாம், அதே தோடி. வேறு பாட்டை மெயினாக மாற்றிக்கொண்டால் அந்தக் கீர்த்தனை உங்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பேயாகிவிடும்.

கார்த்திகை பிறந்ததும் முழுக் கச்சேரியைப் பாடிப் பாருங்கள். மதியக் கச்சேரி என்பதால் அதே மதிய நேரத்தில், அன்றைக்குக் கட்டப்போகும் புடவையில், உயரமான ஒரு பலகையில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரமும் நிறுத்தாமல். முடிந்தால் மைக்கோடு. ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரல் உங்களுக்கே அந்நியமாக இருக்கும். அந்த அதிர்ச்சியை முதல் முறை சபாவில் அனுபவிக்க வேண்டாம்.

இங்கே குருவிடம் ஓர் உதவி கேளுங்கள். வகுப்பில் தப்பு வந்தால் அவர் நிறுத்துவார், திருத்துவார், மறுபடி பாடச் சொல்வார். பாடம் அப்படித்தான் நடக்க முடியும். ஆனால் இத்தனை வருடத்தில் உங்கள் உடம்பு கற்றுக்கொண்டிருப்பது என்ன? தப்பு வந்தால் நிற்க வேண்டும் என்று. தப்புக்குப் பிறகு தொடர்ந்து பாடுவதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கச்சேரிக்கு அதுதான் முதல் தேவை. "சார், எங்கே தடுக்கினாலும் நிறுத்தாமல் கேளுங்கள், திருத்தமெல்லாம் கடைசியில் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவரை எதிரே உட்கார வைத்து இரண்டு மூன்று தடவை முழுக் கச்சேரியும் பாடுங்கள். பயத்தைப் போக்கச் சொல்லி அவரிடம் கேட்டால் சாதகம் என்றுதான் சொல்வார். இப்படிக் குறிப்பாகக் கேட்டால் மறுக்க மாட்டார்.

சரணம் மறந்துபோனதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் பாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பாட்டு மறக்கவில்லை. பல்லவியிலிருந்து ஆரம்பித்து ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிப் பாடி, ஒரு வரி அடுத்த வரியை இழுத்துவரும்படி பாடம் ஏறியிருக்கிறது. நாம் யோசிக்காத வரை அது ஓடும். "அடுத்து என்ன?" என்று பதறி எட்டிப் பார்த்தால் அறுந்துவிடும். எதிரே அம்மா வாயசைப்பதைப் பார்த்ததும் நீங்கள் எட்டிப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே நடுவிலிருந்து நுழையப் பழகுங்கள். காலையில் எழுந்ததும் நேராகச் சரணத்தை எடுங்கள். இன்னொரு நாள் அனுபல்லவியின் இரண்டாம் அடியிலிருந்து. சாகித்யத்தை, அதாவது பாட்டின் சொற்களை, ராகம் தாளம் இல்லாமல், காய் நறுக்கும்போது வெறும் பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ அங்கேதான் மேடையிலும் திக்கும். நினைவிலிருந்து கையால் எழுதுங்கள். தெலுங்குக் கீர்த்தனையாக இருந்தால் பதம் பதமாகப் பொருள் கேட்டுக்கொள்ளுங்கள், பொருள் தெரிந்த வரி அவ்வளவு சுலபத்தில் நழுவாது.

இவ்வளவுக்கும் பிறகு மேடையில் மறந்தால்? நம் சங்கீதம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பல்லவியின் எடுப்புக்குத் திரும்பி ஒரு சங்கதி, அதாவது அதே வரியின் ஒரு மாற்று வடிவம், பாடுங்கள். அனுபல்லவி வரி ஒன்றை எடுத்து அதே சொற்களை வெவ்வேறு விதமாகப் பாடி, இரண்டு ஆவர்த்தனம் நிரவல் மாதிரி சுற்றி வாருங்கள். வயலின்காரரைப் பார்த்தால் அவர் வாங்கிக்கொள்வார், அந்த இடைவெளியில் வரி வந்துவிடும். கேட்பவர்களில் பலருக்கு அது மறதி என்றே தெரியாது. இதையும் வீட்டில் ஒத்திகை பாருங்கள். வேண்டுமென்றே அனுபல்லவியில் நிறுத்தி, பல்லவிக்குத் திரும்பி, அப்புறம் சரணத்துக்குப் போங்கள். ஒவ்வொரு பாட்டின் சரணத்து முதல் இரண்டு வார்த்தைகளை மட்டும் ஒரு சின்ன அட்டையில் எழுதித் தம்புரா பெட்டி பக்கத்தில் வைத்துக்கொள்வதும் தப்பில்லை. டேப்லெட்டைப் பார்த்துப் பாடினால் ரசிகர்களில் ஒரு சாரார் முகம் சுளிக்கிறார்கள், அவர்கள் வருத்தம் எனக்கும் புரிகிறது. இந்த அட்டை வேறு. அது பக்கத்தில் இருக்கிறது என்கிற தைரியத்திலேயே பார்க்கத் தேவை இருக்காது.

பாட்டு வரிசையை இப்போதே முடிவு செய்து, பக்கவாத்தியக்காரர்களுக்கு முன்னதாகவே சொல்லிவிடுங்கள். பழம்பெரும் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வழியில் வந்த கச்சேரி முறையில் வர்ணம் முதலில் நிற்பது, குரலும் வாத்தியங்களும் பதத்துக்கு வரத்தான். அதைத் திறமை காட்டும் இடமாக ஆக்காதீர்கள். புதிதாகப் பாடம் செய்த, நீண்ட தாளச் சுற்று கொண்ட அட தாள வர்ணம் வேண்டாம். தூக்கத்தில் எழுப்பினாலும் பாடக்கூடிய ஆதி தாள வர்ணம், அதற்கடுத்து மத்திய ஸ்தாயியிலேயே பெரும்பாலும் நிற்கும் ஒரு விறுவிறுப்பான கீர்த்தனை. மேடைப் பதற்றம் பெரும்பாலோருக்கு முதல் பத்து பதினைந்து நிமிடத்தில்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு தானாக இறங்கும். அந்த நேரத்தைப் பழகிய பாட்டுகளால் கடந்துவிடுங்கள். மந்திர ஸ்தாயி ஆலாபனையைப் பின்னால் தள்ளுங்கள். வயலின்காரரிடம் "சென்னையில் எனக்கு முதல் கச்சேரி, கொஞ்சம் பதற்றமாக இருக்கும்" என்று சொல்லிவிடலாம். சொன்னால் மரியாதை போகாது, துணைதான் கிடைக்கும்.

கச்சேரி நாளுக்கான சில விஷயங்கள். முந்தின நாளே சென்னை போய்விடுங்கள். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் பாட வேண்டாம். பயத்தில் முழுப் பட்டியலையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கத் தோன்றும், அதில் குரல்தான் களைக்கும். காபியைக் குறைத்து, மிதமான சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்பே முடியுங்கள். தண்ணீரைக் காலையிலிருந்தே பரவலாகக் குடித்து வாருங்கள். மேடையில் குடிக்கும் வாய்த் தண்ணீர் நாக்கை நனைக்கும், குரல் நாண்களைத் தொடாது, அது போகும் பாதை வேறு. பனங்கற்கண்டுப் பால் இதமாக இருந்தால் குடியுங்கள், ஆனால் அன்றைக்குப் புதிதாக எதையும் முயலாதீர்கள். அடிக்கடி கனைக்காதீர்கள், ஒவ்வொரு கனைப்பிலும் நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கனைக்கத் தோன்றினால் எச்சிலை விழுங்குங்கள்.

திரைக்குப் பின்னால் காத்திருக்கும்போது மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஏழு எட்டு எண்ணி மெதுவாக விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளும்போதுதான் இதயம் நிதானிக்கும். மூச்சை விடும்போது வாயை மூடி ஷட்ஜத்தில் (ஸ) ரீங்கரித்தால் கழுத்தும் தளரும். ஐந்து நிமிடம் போதும். "பதறாதே, பதறாதே" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டாம். ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில் சிலரைக் கரோக்கி பாட வைத்தார். "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பாடியவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பாடியவர்கள் நன்றாகப் பாடினார்கள். படபடப்பு இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால், அடக்குவதைவிட இப்படித் திருப்பிவிடுவது உடம்புக்குச் சுலபம்.

மேடையில் உட்கார்ந்ததும் மைக்காரரிடம் மானிட்டரில் தம்புராவைக் கூட்டச் சொல்லுங்கள். அவசரப்படாமல், சுருதி காதில் நிறையும் வரை கேளுங்கள். கவனம் உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்பதில் போகும்போதெல்லாம் தம்புராவுக்குத் திருப்புங்கள், அல்லது மிருதங்கத்துக்கு. இன்னொன்று, உள்ளே நடுங்குவதெல்லாம் வெளியே தெரிகிறது என்று நினைக்கிறீர்கள். மேடைப்பேச்சாளர்களிடம் 2003இல் சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பேசுபவர் நினைக்கும் அளவுக்குப் பதற்றம் கேட்பவருக்குத் தெரிவதில்லை. அந்த உண்மையை முன்கூட்டிச் சொல்லி அனுப்பியவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். அதனால் உங்களுக்கும் முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறேன்.

அம்மா வாயசைத்தது பாசத்தால்தான். ஆனாலும் பேசியாக வேண்டும். "நீ முன்னால் உட்காராதே" என்று மட்டும் சொன்னால் மனம் நோகும். ஒரு வேலையைக் கொடுங்கள். பக்கவாட்டில், நாலைந்து வரிசை தள்ளி உட்கார்ந்து போனில் ரெக்கார்ட் செய்யச் சொல்லுங்கள். கை வேலையாக இருந்தால் வாய் அசையாது.

இதையெல்லாம் செய்தும் நவராத்திரி முடிகிற சமயத்தில் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, மூச்சு முட்டி மயக்கம் வருகிற மாதிரி ஆகிறது என்றால் தள்ளிப்போடாமல் உங்கள் ஊரிலேயே ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். இதற்கென்று நன்கு சோதிக்கப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. முதலில் போனில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இலவசமாக, தமிழிலும் கிடைக்கிறது. பனிக்காலத்துக்கு முன் ஆஸ்துமாவுக்காக உங்கள் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூச்சு நம்பிக்கையாக இருந்தால் பாதி பயம் அங்கேயே குறையும்.

கச்சேரி முடிந்த இரவு அம்மா எடுத்த ரெக்கார்டிங்கைக் கேட்காதீர்கள். அன்றைக்குக் காதில் தப்பு மட்டும்தான் விழும். நாலைந்து நாள் கழித்து குருவோடு உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் ஒன்று, தை மாதத்துக்குள் இன்னொரு மேடையை இப்போதே பேசி வைத்துவிடுங்கள். பக்கத்துத் தெரு பிள்ளையார் கோயிலாக இருந்தாலும் சரி, சென்னையில் பாட்டு எப்படி அமைந்தாலும் சரி.